மாற்றல் கடிதமும் சலங்கையும்

கிள்ளானில் தம் வீட்டின் முன்கூடத்தைக் காலியாக்கி, வாரத்தில் மூன்று மாலைகள் பரதநாட்டியம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவரிடம் 18 பிள்ளைகள் பயில்கின்றனர். சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மிருதங்கக் கலைஞர் ஒருவர் வந்து வாசித்துவிட்டுப் போகிறார். நடன உடையோ நகையோ தேவைப்பட்டால், தெங்கு கிளானா சாலையிலுள்ள கடைக்காரர், “பணத்தைப் பிறகு கொடுங்கள், டீச்சர்” என்று பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார். நவராத்திரி வந்தால் கோயில் நிர்வாகத்தினர் ஒரு நாள் மாலையை அவருடைய மாணவிகளுக்கென ஒதுக்கி வைப்பார்கள். அவருடைய கணவர் அரச மலேசியக் கடற்படையைச் சேர்ந்தவர். கோலாலம்பூரிலுள்ள தற்காப்பு அமைச்சில் பணிபுரிகிறார். ஒரு நாள் கணவருக்கு மாற்றல் கடிதம் வருகிறது. இரண்டு மாதத்தில் பேராக் மாநிலத்திலுள்ள லூமுட் கடற்படைத் தளத்தில் அவர் பணியேற்க வேண்டும்.

வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிடலாம். சலங்கை, தட்டுக்கழி, பலகை, சுருதிப்பெட்டி, நடராசர் சிலை ஆகியவை ஒரே அட்டைப்பெட்டியில் அடங்கிவிடும். லாரியில் ஏற்ற முடியாதவைதாம் மிகுதி. அந்த 18 பிள்ளைகளை ஏற்ற முடியாது; மிருதங்கக் கலைஞரை ஏற்ற முடியாது; கடைக்காரரின் நம்பிக்கையையும் கோயில் மேடையையும் ஏற்ற முடியாது. ‘கிள்ளானில் நன்றாகக் கற்றுக் கொடுக்கிறார்’ என்று பெற்றோர் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி உருவான பெயரும் கிள்ளானிலேயே நின்றுவிடும். லூமுட் மூன்று நான்கு மணி நேரப் பயணத் தொலைவுதான். ஆயினும், அங்கே அவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

படைவீரர்களின் குடும்பங்கள் ஊர் விட்டு ஊர் மாறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மாற்றல் கடிதம் வந்ததும் பிள்ளைகளின் பள்ளி மாறுகிறது, வீடு மாறுகிறது. இவற்றைப் பற்றிப் பலரும் பேசுவர். துணைவரின் தொழிலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நம் நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், துணைவர் பணிபுரியும் ஊருக்கே தம்மையும் மாற்றும்படி விண்ணப்பிக்க வழியிருக்கிறது. அரசு மருத்துவமனைத் தாதியும் அவ்வாறே கேட்கலாம். கிடைக்கத் தாமதமாகலாம், ஆனால், கேட்பதற்கு ஓர் அலுவலகம் உண்டு, நிரப்புவதற்கு ஒரு பாரம் உண்டு. நடன ஆசிரியருக்கும், பாடகருக்கும், ஓவியருக்கும், எழுத்தாளருக்கும் அப்படி ஓர் அலுவலகம் இல்லை. அவர்களுடைய தொழிலுக்கு எவரும் மாற்றல் கடிதம் கொடுப்பதில்லை.

இதில் நடன ஆசிரியரின் இழப்பைச் சற்று நின்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பரதம் பயிலத் தொடங்கும் ஒரு பிள்ளை தட்டடவு, நாட்டடவு என்று படிப்படியாக முன்னேறி, அலாரிப்பு, ஜதீஸ்வரம், வர்ணம் எனக் கற்று அரங்கேற்றம் காண்பதற்குப் பொதுவாக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். படைக் குடும்பம் ஓர் ஊரில் தங்குவதோ பெரும்பாலும் சில ஆண்டுகளே. ஆகவே, அலாரிப்பு வரை கை பிடித்து அழைத்து வந்த பிள்ளையை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஆசிரியர் கிளம்ப வேண்டியதாகிறது. பின்னொரு நாள் அந்தப் பிள்ளையின் அரங்கேற்ற அழைப்பிதழில் ‘குரு’ என்ற சொல்லுக்குக் கீழே வேறொருவர் பெயர் இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. முடித்து வைத்தவர் பெயரைத்தான் அச்சிடுவார்கள். ஆனால், நடன உலகில் ஓர் ஆசிரியரின் தகுதியை மக்கள் அளப்பது அவர் நடத்தி வைத்த அரங்கேற்றங்களைக் கொண்டுதான். இருபது ஆண்டு கற்பித்தும் ஓர் அரங்கேற்றம்கூட நடத்தாத ஆசிரியர், தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டவர்போலத் தோற்றமளிப்பார். மாற்றல் அவருடைய திறமையில் கை வைப்பதில்லை. அத்திறமை பிறர் கண்ணுக்குப் புலப்படத் தேவையான நீண்ட காலத்தைத்தான் அது துண்டு துண்டாக்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பரதத்தில் வழுவூர், பந்தநல்லூர், கலாக்ஷேத்திரா எனப் பல பாணிகள் இருக்கின்றன. ஒரே அடவைக்கூடப் பாணிக்குப் பாணி கை நீட்டும் விதத்திலும், உடலைச் சாய்க்கும் விதத்திலும் வேறுபடுத்தி ஆடுவர். ஆசிரியர் மாறினால் பிள்ளை பல அடவுகளை மறந்துவிட்டுத் திரும்பக் கற்க நேரிடும். அதனால் மனம் சோர்ந்து நடனத்தையே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

மாற்றல் இல்லாத காலத்திலும் படைக் குடும்பத்திற்கு ஓய்வில்லை. 2007ஆம் ஆண்டு முதல் மலேசியப் படையினர் ஐக்கிய நாட்டு அமைதிப்படையின் பகுதியாக லெபனானில் பணியாற்றி வருகின்றனர். ஒரு குழு சென்றால் திரும்பி வர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது முழுவதும் வீட்டிலிருப்பவரின் பொறுப்பு. நடன வகுப்பும் இசை வகுப்பும் நடப்பது மாலையில். சொந்தப் பிள்ளைக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்து, சோறூட்ட வேண்டிய நேரமும் அதுவே. கணவர் கடலில், மனைவி கரையில் என்றுதான் இதுவரை சொல்லப்பட்டது. மனைவி சீருடை அணிந்து, கணவர் கலைஞராக இருக்கும் குடும்பத்திலும் சிக்கல் இதுவேதான்.

இத்தகைய வாழ்க்கையில் கலையைக் கைவிடாமல் காத்தவர்கள் எப்படிக் காத்தார்கள்? தமிழில் இதற்குச் சிறந்த சான்று எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன். அவருடைய கணவர் படைவீரர் அல்லர், மின்துறைப் பொறியாளர். ஆனால், கணவரின் வேலை இழுத்த இடமெல்லாம் வீட்டைத் தூக்கிக்கொண்டு சென்ற வாழ்க்கைதான் அவருக்கும் அமைந்தது. 1925ஆம் ஆண்டு முசிறியில் பிறந்த அவருக்குப் பதினைந்து வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. பள்ளிப் படிப்பு குறைவு. படித்ததும் எழுதப் பழகியதும் பெரும்பாலும் சொந்த முயற்சியால்தான். 1953இல் ‘பெண்குரல்’ புதினத்திற்குக் கலைமகள் பரிசும், 1958இல் ‘மலர்கள்’ புதினத்திற்கு ஆனந்த விகடன் பரிசும் பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தாளருக்கு மேடை வேண்டாம், பக்கவாத்தியம் வேண்டாம், மாணவர் கூட்டமும் வேண்டாம். தாளும் பேனாவும் ஓர் அஞ்சலகமும் இருந்தால் போதும். பத்திரிகை அலுவலகம் சென்னையில் இருக்க, எழுதுபவர் மலையுச்சியில் இருக்கலாம். கலைகளுள் எடை குறைந்தது எழுத்து. ஆயினும், எடை குறைவு என்பதால் மட்டும் அவர் எழுத்து நிலைத்துவிடவில்லை. அக்கம் பக்கத்தில் தெரிந்தவர் எவரும் இல்லாத ஊரில், வீட்டு வேலைகளுக்கு நடுவே எதைப் பற்றி எழுதுவது? புதிய ஊருக்கு வந்த பலர் பழைய ஊரையே எண்ணிக் கொண்டிருப்பர். ராஜம் கிருஷ்ணன் வந்த ஊரையே எழுதத் தொடங்கினார்.

கணவரின் பணி காரணமாக அவர் நீலகிரி மலையில் வாழ நேர்ந்தது. அந்தக் காலக்கட்டத்தில் நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டம் வளர்ந்து வந்தது. ஆறுகளை மறித்து அணைகள் எழுந்தன, சுரங்கங்கள் குடையப்பட்டன. அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த படகர் இன மக்களின் வாழ்க்கை அவர் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தது. சாமை, ராகி போன்ற தானியங்களை விளைவித்து எருமை வளர்த்து வந்தவர்கள், தேயிலைக்கும் பணப் பயிருக்கும் மாறினர். அவர் அம்மக்களோடு பழகினார்; அவர்கள் பழக்கவழக்கங்களைக் கேட்டறிந்தார். அதன் விளைவுதான் 1963இல் வெளிவந்த ‘குறிஞ்சித் தேன்’ என்னும் புதினம். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலர். அம்மலர் பூக்கும் காலத்தைக் கணக்காகக் கொண்டு ஒரு சமுதாயத்தின் சில தலைமுறைகளை அவர் அதில் சித்திரித்திருக்கிறார். மின்துறைப் பொறியாளரின் மனைவி, மின்திட்டத்தால் வாழ்க்கை மாறிப்போன மக்களின் கதையை எழுதியது வியப்பிற்குரியது. மலைக்கு அவர் விரும்பிச் சென்றவர் அல்லர். வேலை அழைத்துச் சென்றது. சென்ற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது அவருடைய சொந்த முடிவு.

இந்த அனுபவம் அவருக்கு ஒரு வேலைமுறையைக் கற்றுக் கொடுத்தது எனலாம். பிற்காலத்தில் அவர் மாற்றலுக்காகக் காத்திருக்கவில்லை. எழுத வேண்டிய மக்களைத் தேடி அவரே பயணம் சென்றார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைக் கண்டு ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். கடற்கரை மீனவரைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’ எழுதினார். தீப்பெட்டித் தொழிலில் உழன்ற சிறுவர் சிறுமியரைப் பற்றிக் ‘கூட்டுக்குஞ்சுகள்’ எழுதினார். கோவாவின் விடுதலைப் பின்னணியில் அமைந்த ‘வளைக்கரம்’ அவருக்கு 1975இல் சோவியத் நாடு நேரு விருதைப் பெற்றுத் தந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே ‘வேருக்கு நீர்’ புதினத்திற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்திருந்தது. ஊருக்கு அயலாராகச் சென்று, கேட்டு, குறித்துக்கொண்டு எழுதும் பழக்கம் அவருடைய நூல்களில் பலவற்றிற்கு அடிப்படை. அயலாராக இருப்பது மாற்றல் வாழ்க்கையின் பெருந்துன்பம் என்பர். அவரோ அதையே தம் தொழிற்கருவியாக்கிக் கொண்டார்.

ஆனால், நடனக் கலைஞருக்கு இது அவ்வளவு எளிதன்று. அதற்குச் சான்று, ‘குமாரி கமலா’ என்று தமிழ் மக்கள் கொண்டாடிய கமலாவின் வாழ்க்கை. அவர் 1934ஆம் ஆண்டு மாயூரத்தில் பிறந்தவர். பம்பாயில் சிறு வயதிலேயே நடனம் பயின்று, நான்கு வயதில் திரைப்படத்தில் தோன்றினார். அவர் முறையாகப் பரதம் கற்க வேண்டும் என்பதற்காகவே அவருடைய தாயார் பம்பாயை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே காட்டுமன்னார்கோவில் முத்துக்குமாரப் பிள்ளையிடமும் வழுவூர் இராமையாப் பிள்ளையிடமும் கமலா பயின்றார். 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ திரைப்படத்தில் பாரதியார் பாடல்களுக்கு அவர் ஆடிய ஆட்டம் ஊரெங்கும் பேசப்பட்டது. நடனம் கற்பதைத் தயக்கத்தோடு பார்த்த குடும்பங்கள்கூடத் தம் பெண் பிள்ளைகளைச் சலங்கை கட்ட அனுப்பியதில் அவருடைய புகழுக்குப் பெரும் பங்குண்டு. 1970இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

கமலாவின் கணவர் பெயர் லட்சுமிநாராயணன். 1980இல் கமலா அமெரிக்காவின் நியூயார்க்கில் குடியேறினார். அதற்கு முன்பே, 1975இல், அந்நாட்டின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் அவர் நடனம் கற்பித்திருந்தார். எனவே, அந்நாடு அவருக்கு முற்றிலும் புதியதன்று. இருந்தாலும் அந்த இடப்பெயர்வின் பொருளை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் அவர் பெயரைச் சொன்னால் அரங்கம் நிறையும். நியூயார்க்கில் பரதநாட்டியம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்திருக்கும். நட்டுவனார், பாடகர், மிருதங்கக் கலைஞர், அவர் ஆட்டத்தின் நுட்பம் அறிந்து தலையசைக்கும் இரசிகர் ஆகிய அனைவரும் கடலுக்கு அப்பால் இருந்தனர். 1983இல் கணவரும் மறைந்தார்.

அவர் எடுத்துச் சென்றது, தம் உடலில் பதிந்திருந்த வழுவூர்ப் பாணியை. லாங் ஐலண்டில் ‘ஸ்ரீ பரத கமலாலயா’ என்னும் நடனப் பள்ளியை நடத்தி, அங்கு வாழ்ந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தார். மேடையில் ஆடுபவர் என்ற நிலையிலிருந்து ஆட வைப்பவர் என்ற நிலைக்கு மாறினார். இரசிகர் கூட்டத்தைப் புதிய நாட்டில் ஒரே நாளில் உருவாக்க முடியாது. மாணவர் கூட்டத்தை, ஒன்று, இரண்டு, ஐந்து என்று உருவாக்க முடியும். அவர்களுடைய பெற்றோரும் உற்றாருமே பிறகு இரசிகர்கள் ஆகின்றனர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கலைநிதி நிறுவனம் அவருக்குத் ‘தேசிய மரபு’ விருது வழங்கியது. அமெரிக்காவின் மரபுக் கலைகளைக் காப்பவர்களுக்கு அந்நாடு தரும் உயரிய சிறப்பு அது. முப்பது ஆண்டு அதே வட்டாரத்தில் நின்று கற்பித்ததால்தான் அது கிட்டியது என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெட்டி கட்டும் குடும்பத்திற்கு அந்த முப்பது ஆண்டு எங்கிருந்து கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு வேறொரு நாட்டில், வேறொரு கலையில் ஒரு விடை தோன்றியது. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேட்டரிக் படைமுகாமைச் சேர்ந்த வீரர்கள் ஆப்கானிஸ்தான் போருக்குச் சென்றனர். முகாமில் தங்கிய மனைவியர் சிலர், கவலையோடு தனித்தனியே வீட்டில் அடைந்து கிடப்பதைவிடச் சேர்ந்து பாடுவது மேல் என்று ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினர். மறு ஆண்டு, சேர்ந்திசை நடத்துநர் கேரத் மலோன், டெவன் மாவட்டத்திலுள்ள சிவனார் தளத்தில் இத்தகைய குழுவை உருவாக்கினார். அதை பிபிசி தொலைக்காட்சி தொடராக ஒளிபரப்பியது. போருக்குச் சென்ற கணவர்க்கும் மனைவியர்க்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்திலிருந்து சொற்களைத் திரட்டி, இசையமைப்பாளர் பால் மீலர் ஒரு பாடலை அமைத்தார். அப்பெண்கள் பாடிய அப்பாடல் 2011 கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது.

பாடல் முதலிடம் பெற்றது செய்தித்தாளில் பெரிதாக வந்தது. ஆனால், உண்மையில் பெரியது அதன்பின் நடந்ததுதான். ஒரு தளத்துக் குழுவைப் பார்த்து அடுத்த தளத்தில் குழு தோன்றியது. பிரிட்டனில் மட்டுமன்றி, சைப்பிரஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளில் இருந்த பிரிட்டிஷ் தளங்களிலும் குழுக்கள் பிறந்தன. அவற்றை இணைக்க ஓர் அறநிறுவனமும் ஏற்பட்டது. சேருவதற்குக் குரல் தேர்வு கிடையாது. கணவருக்கு மாற்றல் வந்தால் அவர் மனைவி பழைய குழுவிடம் விடைபெற்றுப் புதிய தளத்தின் குழுவில் சேர்ந்துகொள்ளலாம். அங்கும் அவருக்குத் தெரிந்த பாடல்கள் காத்திருக்கும். ராஜம் கிருஷ்ணன் கலையைத் தம்மோடு எடுத்துச் சென்றார். இங்கோ, போய்ச் சேரும் ஊரில் கலை முன்கூட்டியே வந்து நிற்கிறது.

எனினும், இதில் ஒரு குறை உண்டு. சேர்ந்திசைக் குழு மனத்திற்கு ஆறுதல் தரும்; மாத வருமானம் தராது. பொழுதுபோக்காகப் பாடுபவருக்கு அது போதும். கலையையே தொழிலாகக் கொண்டவருக்கு மாணவரும் கட்டணமும் மேடையும் வேண்டும். ‘வீட்டில் சும்மா இருக்காமல் ஏதோ ஆடிக்கொண்டிருக்கிறாள்’ என்று சொல்வோர் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை.

இனி கிள்ளானுக்குத் திரும்பலாம். மாற்றல் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் அந்த ஆசிரியருக்கு என்னென்ன துணைகள் உள்ளன? கிள்ளான் பள்ளத்தாக்கு இவ்வகையில் வளமான இடம். பிரிக்பீல்ட்ஸில் பெர்ஹாலா சாலையில், சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தோற்றுவித்த ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ என்னும் நுண்கலைக் கோயில் உள்ளது. பரதம், ஒடிசி, கருநாடக இசை, தபேலா எனப் பல கலைகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அங்குள்ள அன்னலட்சுமி உணவகத்தில் விரும்பியதை உண்டு, மனம் விரும்பிய தொகையைத் தரலாம் என்பதால், நடனம் பாராதவர்களுக்கும் அந்தக் கட்டடம் அறிமுகமானதே. அந்த அமைப்புக்குப் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும், நாட்டுக்கு வெளியே சிங்கப்பூர், பெர்த் ஆகிய நகரங்களிலும் கிளைகள் உள்ளன. விமானப்படைத் தளம் அமைந்துள்ள பட்டர்வொர்த்துக்கு மாற்றலாகிப் போகும் ஒருவருக்கு, பாலத்துக்கு அப்பால் ஏற்கனவே அறிமுகமான ஒரு கலைக்குடும்பம் இருக்கிறது என்று பொருள். சேர்ந்திசைக் குழுக்கள் பெற்ற வலிமையும் இப்படிப்பட்டதே.

கோலாலம்பூரில் 1994இல் தொடங்கப்பட்டு, இன்று அஸ்வாரா என அறியப்படும் தேசியக் கலைக் கல்விக்கழகம், நடனத்தில் டிப்ளோமாவும் பட்டமும் வழங்குகிறது. கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிதழ் ஒருவரை நல்ல ஆடற்கலைஞர் ஆக்கிவிடாது. ஆனால், தம்மை அறியாத ஊரில், தம் பெயருக்கு முன்பாக அந்தத் தாள் பேசும். வாய்மொழியாகப் பரவிய புகழ் ஊர் எல்லையைத் தாண்டத் தயங்கும், சான்றிதழ் தயங்காது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் காலத்திலேயே அதனைப் பெற்றுக்கொள்வது விவேகம்.

தொழில்நுட்பமும் ஓரளவு கைகொடுக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நடன வகுப்புகள் பல கைப்பேசித் திரைக்குள் சென்றன. அப்போதுதான் ஓர் இடையூறு தெரிய வந்தது. ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டும் ஒலி மாணவியைச் சென்றடையச் சிறிது தாமதமாகிறது. மாணவியின் அசைவு திரும்பி வர மேலும் சிறிது தாமதமாகிறது. மாணவி தாளத்தோடு ஆடினாலும் ஆசிரியரின் திரையில் தாளம் தப்பித் தெரியும். ஜதியைப் பதிவு செய்து முன்னதாகவே அனுப்பிவிட்டு, மாணவி தன் வீட்டில் அதை ஒலிக்கவிட்டு ஆடச் செய்வது அதற்குக் கண்ட வழி. அடவு தொடங்கும் பிள்ளைக்கு இம்முறை பொருந்தாது. காலை எவ்வளவு மடக்குவது என்று அருகில் நின்று முழங்காலைத் தொட்டுத் திருத்த வேண்டும். வர்ணம் வரை வந்துவிட்ட பிள்ளைக்குப் பொருந்தும். ஆகவே, லூமுட்டுக்குச் செல்லும் ஆசிரியர், 18 பேரில் மூத்த மாணவிகள் மூவரையாவது திரை வழியாகத் தொடர்ந்து பயிற்றுவிக்கலாம். பள்ளி விடுமுறையில் கிள்ளானுக்கு வந்து நேரில் திருத்தலாம். அவர்கள் அரங்கேற்றம் காணும்போது அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கும்.

மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதே கடினமான முடிவு. பாசம் மிகுந்த ஆசிரியர் சிலர் இதை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்து, கடைசி வாரத்தில் பெற்றோரிடம் சொல்வர். அதனால் துன்பப்படுவது பிள்ளைகளே. தம் பாணியையே கற்பிக்கும் வேறோர் ஆசிரியரைத் தேடி, இரண்டு மாதமும் அவரை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளை அவரோடு பழகவிட்டுச் செல்வது நல்லது. ஒவ்வொரு பிள்ளையும் கற்ற அடவுகள், உருப்படிகள், கோரப்பட வேண்டிய திருத்தங்கள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பிறகு லூமுட்டில் அவரே வேறோர் ஆசிரியர் விட்டுச் சென்ற பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ள நேரிடலாம்; அப்போது அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

லூமுட்டை அடுத்த சித்தியவானில் தமிழர்கள் வாழ்கின்றனர். கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் உள்ளன. படைமுகாம்களில் ஆயுதப்படைக் குடும்ப நல அமைப்பான பாகாட் இயங்குகிறது. முகாமுக்குப் புதிதாக வந்தவர் எவரென்று அதன் உறுப்பினர்களுக்கே முதலில் தெரியும். நடனம் கற்பிக்கும் ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி பரவ அதைவிடச் சிறந்த இடம் இல்லை. அங்கே வந்து சேரும் பிள்ளைகளுள் மலாய்க்காரர், சீனர், இபான் இனத்தவர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களுக்குத் ‘தை யா தை’ என்ற சொற்கட்டும் புதிது, தமிழும் புதிது. கமலா லாங் ஐலண்டில் செய்ததைப்போல, எதையும் தொடக்கத்திலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டும்.

லாரி வரும் நாளன்று ஆசிரியர் கடைசியாகக் கழற்றுவது சுவரில் மாட்டிய பெரிய கண்ணாடியை. புதிய குடியிருப்பின் முன்கூடம் எத்தனை அடி அகலம் என்று கணவரிடம் முன்பே கேட்டு வைத்திருக்கிறார். பன்னிரண்டு அடி. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினால் இரண்டு வரிசையாக ஆறு பேர் நிற்கலாம். கண்ணாடியை வாசலுக்கு எதிர்ப்புறம் மாட்டினால் பின்வரிசைக்கும் தெரியும். தளம் சிமெண்டா மரமா என்று மட்டும் அவர் கேட்க மறந்துவிட்டார். சிமெண்டாக இருந்தால் பிள்ளைகளின் முழங்காலுக்காக ஒரு விரிப்பு வாங்க வேண்டும்.